பெட்டியில் ஏறிய மெத்தை

வீட்டை இடிக்கிறவர்கள் இடிப்பதைப் பற்றித்தான் யோசிப்பார்கள். இடித்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று யோசிக்கிறவர்கள் குறைவு. நான் யோசித்தேன். டிராக்டர் பெட்டியை வாடகைக்கு எடுத்து வாசலிலேயே நிறுத்தி வைப்பது, நிரம்பியதும் இழுத்துக்கொண்டு போகச் சொல்வது என்ற ஏற்பாடு முழுக்க முழுக்க என் மண்டையில் உதித்தது. முதுநகரில் என்னைவிடக் கெட்டிக்காரன் கிடையாது என்கிற நினைப்பில்தான் அந்த நாட்களில் திரிந்தேன்.

அந்தப் பெட்டியால் ஒரு கைக்குழந்தையின் உயிர் ஊசலாடியது. டிராக்டர் ஓட்டியவரின் குழந்தை. இன்னும் பேர்கூட வைக்காத பெண். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனி நான் செங்கல்லைப் பற்றியும் சுண்ணாம்புக் காரையைப் பற்றியும் எவ்வளவு பேசினாலும், அவற்றுக்கெல்லாம் அடியில் அந்தக் குழந்தைதான் படுத்திருக்கிறது.

எங்கள் வீடு துறைமுகத்துக்குப் போகிற தெருவில் இருக்கிறது. பின்கட்டுக் கூரை மழைக்கு மழை ஒழுகிக்கொண்டிருந்தது. பினாங்கில் கடை வைத்திருக்கும் அத்தா, என் தகப்பனார், கப்பலில் வரப்போவதாகத் தகவல் அனுப்பியிருந்தார். அவர் வந்து இறங்குவதற்குள் பின்கட்டை இடித்துத் தளம் போட்டாக வேண்டும். நான் அப்போதுதான் சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. கடைசிப் பரீட்சையை எழுதி முடித்து, ரிசல்ட் வருகிறவரை என்ன செய்வதென்று தெரியாமல் கை பரபரத்துக்கொண்டு இருந்தேன். வேலையை என் தலையில் கட்டினார்கள். நானும் தலையை நன்றாகவே நீட்டினேன்.

கொத்தனாரும் சித்தாள் பெண்கள் இருவரும் கை வைத்ததும் பின்கட்டு மளமளவென்று இறங்கிவிட்டது. இறங்கிய பிறகுதான் அது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. நின்றபோது ஒரு சமையலறையும் ஒரு விறகு அறையுமாக அடக்கமாக இருந்த கட்டிடம், விழுந்தபோது முற்றம், கொல்லை, கிணற்றடி என்று எல்லாவற்றையும் மூடியது. மாட்டு வண்டிக்காரர்கள் நினைத்தால் வந்தார்கள், நினைக்காவிட்டால் இல்லை. வந்தாலும் பாதியை வழியிலேயே சிந்திக்கொண்டு போனார்கள். தெருவில் குவித்தால் நகராட்சி ஆள் வந்து சத்தம் போட்டார்.

அப்போதுதான் மச்சானின் நெல் மண்டி ஞாபகம் வந்தது. என் அக்காவைச் சிதம்பரத்தில் கொடுத்திருக்கிறது. காலேஜ் நாட்களில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எனக்கு அங்கேதான். மண்டிக்கு ஒரு டிராக்டர், இரண்டு பெட்டிகள். டிராக்டர் ஒரு பெட்டியை மண்டி வாசலில் கழற்றி விட்டுவிட்டு, நிரம்பி நிற்கும் இன்னொன்றை மாட்டிக்கொண்டு போய்விடும். ஆட்கள் சாவகாசமாக மூட்டை ஏற்றுவார்கள். இந்த வித்தையைச் சாப்பிட்ட கையோடு நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நெல் ஏற்றிய பெட்டி அடிக்கடி முதுநகருக்கு வரும், திரும்பும்போது காலியாகப் போகும். மச்சான் மண்டிக்குப் பின்னால் வாங்கிப் போட்டிருந்த மனையோ பள்ளம். மழை பெய்தால் தவளைக் கச்சேரி. எங்கள் இடிபாடு அவர் பள்ளத்துக்கு. காலிப் பெட்டி எங்கள் வாசலுக்கு. அடுத்த நடையில் இன்னொரு காலிப் பெட்டி வரும், நிரம்பியது போகும்.

மச்சான் கேட்டுவிட்டுச் சிரித்தார். “காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா மச்சான்? குப்பை அள்ளுறதுக்கு ஒரு பி.எஸ்ஸி.யா?” என்றார். ஆனால் ஒப்புக்கொண்டார். உறவு உறவுதான், டீசல் டீசல்தான் என்று வாடகையையும் பேசி முடித்தார்.

பெட்டி வந்தது. சிவப்புச் சாயம் உரிந்த பலகைப் பெட்டி. டிராக்டர் அதைக் கழற்றிவிட்டு விலகியதும் அது முன்பக்கம் ஒரு கல்லின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. ஓட்டி வந்தவர் காக்கிச் சட்டை போட்ட, சதா பேசிக்கொண்டே இருக்கிற மனிதர். சிதம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரத்துக் கிராமம் அவருக்கு. வந்து இறங்கியதும் எனக்குச் சட்டம் சொன்னார். பக்கப் பலகைக்கு மேலே குவிக்கக் கூடாது. ஈர மண் போடக் கூடாது. அப்புறம் முக்கியமான சட்டம்: “பெட்டியில ஏறிடுச்சின்னா அது எங்க சொத்து தம்பி. அப்பறம் வந்து அதக் காணோம், இதக் காணோம்னு கேக்கக் கூடாது.” வண்டி ஓட்டுகிறவர்களின் பழைய வழக்கமாம் அது. விறகுக்கு ஆகும் மரம், எடைக்குப் போகும் இரும்பு, கட்டிக்கொள்ள ஆகும் துணி, எது ஏறினாலும் ஓட்டுகிறவருக்கு. நானும் தாராளமாகத் தலையாட்டினேன்.

அம்மா உள்ளிருந்தபடியே அவருடைய குடும்பத்தை விசாரித்தாள். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, கோயில் கோயிலாகச் சுற்றி, இப்போதுதான் ஒரு பெண் பிறந்திருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது, சத்தமாகச் சொன்னால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. அடுத்த நடை வரும்போது குழந்தைக்கு ஏதாவது கொடுத்து அனுப்புவதாக அம்மா சொன்னாள். அவர் கைகூப்பிவிட்டுப் போனார்.

நாங்கள் பெட்டியை நிரப்பத் தொடங்கினோம். எங்களோடு தெருவும் நிரப்பத் தொடங்கியது.

முதலில் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஓட்டை அண்டா ஒன்று இருக்கிறது, போட்டுக்கொள்ளலாமா தம்பி என்று. காலொடிந்த கட்டில், உடைந்த ஆட்டுக்கல், கரையான் அரித்த பரண் பலகை. போடுங்க, போடுங்க என்று கல்யாண வீட்டுக்காரன் மாதிரி உபசரித்தேன். பிறகு கேட்பது நின்றுவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் நாங்கள் போடாதவை ஏறியிருந்தன. ரசம் போன, குறுக்கே விரிசல் விட்ட கண்ணாடி. யாரோ இறந்தவருடைய கைத்தடி, கூடவே அவருடைய மூக்குக் கண்ணாடியும். ஒரு நாள் ஒரு தொட்டில். நல்ல தொட்டில், ஒரு கயிறுகூட இற்றுப்போகவில்லை. தெருவில் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் வைத்திருக்கப் பயந்து, கையால் தூக்கிப் போடவும் பயந்து இத்தனை நாள் வைத்திருந்ததையெல்லாம் ஊரைவிட்டுப் போகிற பெட்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். சித்தாள் பெண்களில் மூத்தவர் அதற்கப்புறம் பெட்டிமேல் ஏற மறுத்துவிட்டார். கீழே நின்றே கூடையை வீசினார். என்னென்னமோ ஏறுது, நான் கால் வைக்கமாட்டேன் என்றார். நான் சிரித்தேன்.

பக்கத்து வீட்டிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவர், அவர் மனைவி, ஒரு பையன். தெருவில் ஒரு ஜட்கா புதிதாக வந்தால்கூட அந்தப் பையன்தான் முதலில் வந்து நிற்பான். டிராக்டர் வந்தபோது அவன் வரவில்லை. அவர்கள் கதவும் திறக்கவில்லை. இடிக்கிற தூசிக்காகச் சாத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருமுறை மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்த அக்கா கதவைத் திறக்காமலே, பரவாயில்லை தம்பி, நீங்க போங்க என்றார். குரல் கதவுக்கு மிகப் பக்கத்தில், தாழ்ப்பாளில் வாயை வைத்துப் பேசுவது போல் இருந்தது.

பல நாளாக அந்த வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வரவில்லை. அவர்கள் வீட்டுச் சாக்கடையில் மஞ்சள் தண்ணீர் ஓடியது. இரண்டையும் கவனித்தேன். கவனித்துவிட்டு, செங்கல் எண்ணப் போய்விட்டேன்.

மீனவர் தெருப்பக்கம் பெரியம்மை கண்டிருக்கிறது என்று அப்போது ஊரில் பேச்சு. சுகாதார இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மை கண்டவர்களை ஊருக்கு வெளியே ஒரு கொட்டகைக்கு எடுத்துப் போனார்கள். அதனால் வாசலில் வேப்பிலை செருகுகிற வழக்கத்தையே சிலர் விட்டுவிட்டார்கள். வேப்பிலை இப்போது கொல்லைக் கதவில் தொங்கியது.

டிராக்டர் திரும்பி வருவதாக இருந்த காலையில் பெட்டியின் உச்சியில் ஒரு மெத்தை கிடந்தது. கோடு போட்ட உறை, புது இலவம்பஞ்சு, இறுக்கிச் சுருட்டிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் மஞ்சளில் நனைத்த ஒரு துணி முடிச்சு. இவ்வளவு நல்ல மெத்தையை அம்மா ஏன் தூக்கிப் போட்டாள் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்த அம்மா, பையன் யாரிடமோ கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறான் என்று நினைத்தாளாம். இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. குழந்தைக்குத் தைக்கக் கொடுத்த சட்டைகள் வந்து சேரவில்லை என்ற கவலையில் இருந்தாள் அவள்.

டிராக்டர் ஓட்டுகிறவர் வந்தார். கொண்டுவந்த காலிப் பெட்டியைக் கழற்றினார், நிரம்பியதை மாட்டினார். அப்புறம் ஏறி உச்சியைப் பார்த்தார். மஞ்சள் முடிச்சைக் கையில் எடுத்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்து, யாரும் தெரியாவிட்டாலும் ஒரு கும்பிடு போட்டார். மெத்தையை இறக்கி, தூசி படாமல் துண்டால் சுற்றி, சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். மனிதர் எதற்கும் கும்பிடு போடுகிறவர் என்று நான் விட்டுவிட்டேன்.

அடுத்த நடைக்கு அவர் வந்தபோது சட்டைகள் தயாராக இருந்தன. நான்கைந்து சின்னச் சட்டைகள், ஒரு டப்பா பால் பவுடர். நான் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கூச்சத்தோடு பின்வாங்கினார்.

“அதான் மெத்தை குடுத்தாங்களே பாயம்மா. அதுவே போதும் தம்பி. எங்க வழக்கம் தெரிஞ்சு மஞ்சத்துணி வேற முடிஞ்சு வச்சிருந்தாங்க. என் சம்சாரம் அழுவுது. புள்ள அதுல படுத்தா எழுந்திருக்கவே மாட்டேங்குது.”

கதவுக்குப் பின்னால் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் ஆள் நடமாட்டமிருக்கும் நேரத்தில் அம்மா வாசல்படி தாண்டி நான் பார்த்ததில்லை. அன்று தாண்டினாள். முக்காட்டை இழுத்துக்கொண்டு டிராக்டர் அருகில் வந்து நின்று, எந்த மெத்தை என்று கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல அவள் கண் அவரைவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவுக்குப் போனது. பிறகு சாக்கடைக்குப் போனது. பிறகு என் பக்கம் திரும்பியது.

அம்மாவின் முகமெல்லாம் சிறு சிறு குழிகள். சின்ன வயதில் வந்து போனது. எனக்கு அது அம்மாவின் முகம், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அந்தக் குழிகள் என்ன என்று தெரிந்துகொண்டவன் போல் அவளைப் பார்த்தேன்.

“ரப்பே” என்று இறைவனை அழைத்தாள். அப்புறம் மிக மெதுவாக, “அது நாங்க குடுத்தது இல்லப்பா” என்றாள்.

அவருக்கு நாங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் முடிச்சு, சாத்திய கதவு, அம்மை கண்டவர் படுத்த மெத்தை. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இதே முடிச்சைத் தன் ஊரில் பார்த்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டார். பாய் வீட்டுப் பெட்டியில் பார்த்ததால் பரிசு என்று நினைத்துவிட்டார். வந்த பெட்டியைக் கழற்றாமலே அவர் டிராக்டரைத் திருப்பினார். நான் ஓடிப்போய் மட்கார்டில் தொற்றிக்கொண்டேன். சிதம்பரம் ரோடு முழுவதும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் வீட்டில் குழந்தை மெத்தைமேல் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை விரிந்து கிடந்தது. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றபடியே அவர் மனைவியிடம் சொன்னார்.

அந்தப் பெண் கத்துவார், மயங்கி விழுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் முதலில் குழந்தையைத் தூக்கி, துணியை விலக்கி, நெற்றியைப் பார்த்தார், காது மடலுக்குப் பின்னால் பார்த்தார், உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். எங்கும் ஒன்றுமில்லை. பிறகு அடுப்பிலிருந்து எண்ணெய்ச் சட்டியை இறக்கிக் கொல்லைப்பக்கம் வைத்தார். மெத்தையை உதறாமல் மடித்து, விளக்கு வைக்கிற மூலையில் கொண்டுபோய் வைத்தார். வெளியே வந்து வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்து வாசலில் செருகினார். இத்தனையையும் ஒரு கையால் செய்தார். இன்னொரு கையில் குழந்தை இருந்தது.

நான் பேசினேன். மூச்சுவிடாமல் பேசினேன். அம்மைக்குத் தடுப்பாகக் குத்துகிற அம்மைப்பால் என்றால் என்ன, அதை உடனே வைத்துவிட்டால் உடம்பு எப்படி முந்திக்கொள்ளும், நாள் தள்ளினால் என்ன ஆகும் என்று தாவரவியல் வகுப்பில் செமினார் கொடுப்பவன் மாதிரி பேசினேன். மெத்தையை இப்போதே கொளுத்த வேண்டும் என்றும் சொன்னேன். டிராக்டர் ஓட்டுகிறவர் என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

“ஆத்தா உள்ள உக்காந்திருக்கா” என்றார் அவர் மனைவி. “அவ எதிர்ல ஊசியத் தூக்கிக்கினு வர்றதா? நல்லா படிச்சீங்க தம்பி.”

அவர் கொஞ்ச நேரம் குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்துகொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “நாங்க அழைக்கல. தானா வரல. அனுப்பி வந்திருக்கா. யாரு அனுப்பினாங்களோ அவுங்க வந்து கூப்பிட்டுக்கினு போவட்டும். அவ போன பிறகு குத்துறவர வரச் சொல்லுங்க. நானே புள்ள கையக் காட்டுறன்.”

அதற்குமேல் ஒரு அங்குலம் அசையவில்லை. ஆத்தா இருக்கிற வீட்டில் மருந்து கிடையாது, ஊசி கிடையாது. அதே சமயம் அவளை அனுப்பிவைக்கவும் அந்த வீட்டுக்கு உரிமை கிடையாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி இறக்கியவர்கள்தான் கூப்பிட வேண்டும். மெத்தையை இங்கே அனுப்பியவரோ, ஆத்தாவை மரியாதையாக எல்லை தாண்டி அனுப்பிவிட்டோம் என்று முதுநகரில் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்.

டிராக்டர் ஓட்டுகிறவர் சிதம்பரத்துக்குப் போய் மச்சானிடம் சொல்லி, அம்மை குத்துகிறவரை மறுநாள் காலை கூட்டி வருவது என்று பேசிக்கொண்டோம். நான் பஸ் பிடித்து முதுநகர் திரும்பினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வழியெல்லாம் வீட்டு வாசல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். எத்தனை வாசலில் வேப்பிலை இருக்கிறது என்பதை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா முதலில் மறுத்துவிட்டார். எங்க வீட்டுல மெத்தையே கிடையாது தம்பி என்றார் கதவுக்குள்ளிருந்து. உடனே உள்ளே பையன் இருமினான். நான் அந்தக் கதவோடு பேசிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் இன்ஸ்பெக்டரைக் கூட்டி வருவேன் என்றுகூட வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அம்மா என்னை விலக்கினாள். எங்கள் முற்றம் வழியாக, இடித்த பின்கட்டின் காரைமேல் ஏறி, அவர்கள் கொல்லைக் கதவுக்குப் போய் நின்றாள். அங்கே வேப்பிலை காய்ந்து தொங்கியது.

“மூத்தவள அந்தக் கொட்டகைக்குத்தான் எடுத்துக்கினு போனாங்க பாயம்மா” என்றது உள்ளிருந்து குரல். “திரும்பக் குடுக்கல. இவனையும் குடுக்கச் சொல்றீங்களா?”

“யாருகிட்டயும் சொல்ல வேணாம்” என்றாள் அம்மா. “நீ போய்க் கூப்பிட்டுட்டு வா, அது போதும். நீ வர்ற வரைக்கும் ஒம் பையன்கிட்ட நான் இருக்கேன். என் முகத்தப் பாரு. எனக்கு இனிமே வராது.”

கொல்லைக் கதவு ஒரு சாண் திறந்தது. அம்மா உள்ளே போனாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் அந்த அக்காவும் போனோம். மஞ்சள் புடவை, ஈரத்தலை, மடியில் ஒரு சின்னச் செம்பு, அதன் வாயில் வேப்பிலை. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வழியில் ஒரே ஒரு முறை பேசினார். மெத்தையைக் கடலில் விடத்தான் நினைத்தாராம். துறைமுகத்துப் பக்கம் ஆட்கள் நின்றதால் பயந்துவிட்டாராம். பெட்டி ஊருக்கு வெளியே போய் எங்கோ பள்ளத்தில் கொட்டப்போகிறது என்று பையன் ஜன்னலில் கேட்டுச் சொன்னானாம். யார் கையிலும் படாது என்று நினைத்தாராம்.

கிராமத்தில் அம்மை குத்துகிறவர் வந்து காத்திருந்தார். ஆத்தா போகும்வரை அவர் கண்ணில் படக் கூடாது என்று வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் இப்படி ஒளிந்துகொள்ள வேண்டிவரும் என்று நினைக்கவில்லை என்று பீடிப் புகையோடு என்னிடம் முணுமுணுத்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

இரண்டு பெண்களும் வாசலில் எதிரெதிரே நின்றார்கள். குழந்தைக்காரி ஏசுவார் என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஒதுங்கி வழிவிட்டார். அக்கா உள்ளே போய் மெத்தையின் முன்னால் உட்கார்ந்து தண்ணீர் தெளித்தார். வழக்கமாகச் சொல்வது ஏதோ இருக்கும்போல. அதைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் குரல் உடைந்துவிட்டது. பிறகு பேச்சாகவே சொன்னார்: “தாயே, நான்தான் அனுப்பினேன். தெரியாம இவுங்க வீட்டுக்கு வந்துட்ட. எழுந்திரு. என்கூட வந்துடு. இந்தப் பச்ச மண்ண விட்டுடு.”

செம்பைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ரோடு வரை நடந்தார். குழந்தைக்காரி வாசலில் இருந்த வேப்பங்கொத்தை எடுத்தார். அப்புறம் வைக்கோல் போரைப் பார்த்து, வரச் சொல்லுங்க என்றார். சொன்னபடியே தன் கையாலேயே குழந்தையின் கையை நீட்டிப் பிடித்தார். திருகுகிற ஊசி. குழந்தை வீறிட்டது. அந்த அழுகைதான் அந்த வீட்டில் நான் கேட்ட முதல் உயிருள்ள சத்தம். தாயும் போட்டுக்கொண்டார். மெத்தையை ரோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்க் கொளுத்தினோம். அக்காவும் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது அது வெறும் மெத்தைதான் என்றார்.

டிராக்டர் ஓட்டுகிறவர் மட்டும் கையைக் காட்டவில்லை. சின்ன வயதில் குத்தியாச்சு என்று சட்டைக் கையைச் சுருட்டி ஏதோ ஒரு தழும்பைக் காட்டினார். குத்தினால் கை வீங்கும், அறுவடை நேரம், ஸ்டியரிங் பிடிக்க வேண்டும் என்று பேச்சு தொடர்ந்தது. அவர் பழையபடி பேசுகிறாரே என்று எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மை குத்துகிறவர் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டுவிட்டு, தன் மருந்துப் பெட்டியை மூடினார்.

அதற்கப்புறம் காத்திருந்தோம். நான் சிதம்பரத்தில் என் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டேன். ரிசல்ட்டுக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். தினமும் மச்சானின் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துப் பக்கம் போய், ரோட்டில் நின்றபடியே அந்த வாசலைப் பார்ப்பேன். வெறும் வாசலாக இருந்தால் திரும்பிவிடுவேன். குழந்தையின் கையில் அம்மைப்பால் பிடித்து நன்றாகக் கொப்புளித்துவிட்டது, இனிப் பயமில்லை என்று அம்மை குத்துகிறவர் வந்து பார்த்துவிட்டு மச்சானிடம் சொல்லியிருந்தார். இருந்தும் போனேன்.

ஒரு நாள் வாசலில் வேப்பிலை இருந்தது.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் மனைவி படலைத் திறக்காமல் உள்ளேயே நின்றார்.

“கிட்ட வராதீங்க தம்பி. புள்ளைய எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிட்டன். புள்ளைக்கு ஒண்ணுமில்ல. அவருக்குத்தான்.”

அந்தப் பெண்ணுக்குப் பின்னால், இருட்டில், ஒரு பாய்மேல் யாரோ கிடந்தார்.

“அந்த அக்காவ இன்னொரு வாட்டி வரச் சொல்றீங்களா?” என்றார் அவர் மனைவி.

நான் போய்ச் சொன்னேன். முதுநகரில் எங்கள் வீட்டு வாசலில் மெத்தை போன அன்று கழற்றிவிட்ட பெட்டி பாதி நிரம்பியபடி அப்படியே நின்றது. இழுத்துப் போக ஆள் இல்லை. அக்கா இந்த முறை கதவைத் திறந்தே பேசினார். பையன் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தான், முகத்தில் பொருக்கு உதிர்ந்துகொண்டிருந்தது. குழந்தை எப்படி என்று கேட்டார். சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.

“அன்னைக்குக் கூப்பிட்டது எங்க வீட்டுலேர்ந்து போனவள. இப்ப அங்க இருக்கறவ தானா வந்தவ தம்பி. நான் கூப்பிட்டா வருவாளா?”

அவர் எழுந்து கிணற்றடிக்குக் குளிக்கப் போனார்.

அவர் வந்தார், கூப்பிட்டார். மறுபடியும் மறுபடியும் போய்க் கூப்பிட்டார். டிராக்டர் ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார். இரண்டு கண்ணிலும் அம்மை முத்து விழுந்து பார்வை போய்விட்டது. மண்டி டிராக்டரை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். நான் எப்போதாவது போனால், அந்த வீட்டில் குழந்தை தத்தித் தத்தி நடந்து வந்து என் சைக்கிள் பெல்லை அடிக்கும். பேச்சு குறையாத மனிதர், உள்ளேயிருந்து சத்தம் கொடுப்பார். குழந்தையைத் தூக்கித் தன் மடியில் வைக்கச் சொல்வார். மடியில் வைத்ததும் அதன் நெற்றி, காதுமடல், உள்ளங்கால் என்று விரலால் தடவிக்கொண்டே இருப்பார். என்னிடம் பேச்சை நிறுத்தமாட்டார். விரலையும் நிறுத்தமாட்டார்.